கிராமத்திற்குக் கைக்கணினியா, மடிக்கணினியா?

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் நிகழ்த்திய பேச்சு)



இம்முகாமில் நேற்று முதல் நீங்கள் கேட்டுவரும் பேச்சுகள் யாவும் ஏரி, பாதை, குடிநீர், வரி வசூல் ஆகியவற்றைப் பற்றியவை. இவற்றின் நடுவே கணினியைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கின்றானே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆனால், இன்று காலைச் சிற்றுண்டியின்போது, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓர் அம்மையார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அக்கேள்வியே இன்றைய என் பேச்சுக்குப் பொருளாயிற்று.

"ஐயா, வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பஞ்சாயத்துப் படிப்பகத்திற்கு ஒரு கணினி வாங்கப் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். கையில் பிடித்து விரலால் தடவுகிற கருவியை வாங்குவதா, மடித்து விரிக்கிற கருவியை வாங்குவதா? இரண்டும் வாங்கப் பணம் போதாது. கூட்டத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்" என்றார் அவர்.

இக்கேள்வி அவருடைய ஊருக்கு மட்டும் உரியதன்று. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நம் மாநில வரவு செலவுத் திட்டம் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. "அல்லது" என்னும் அந்த ஒரு சொல்லைப் பற்றி வீட்டுக்கு வீடு வாதம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆகவே, அவ்வாதத்தைச் சற்று ஆர அமர ஆராய்ந்து பார்ப்போம்.

இருவகைக் கருவிகள்

முதற்கண், பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கைக்கணினி என்பது சிலேட்டுப் பலகை போன்றது. ஊரில் இதனை "டேப்" என்றும் "டேப்லெட்" என்றும் சொல்கிறார்கள். அதற்குத் தனியே விசைகள் கிடையா. கண்ணாடித் திரையை விரலால் தொட்டே அதனை இயக்க வேண்டும். எழுத வேண்டுமாயின், அத்திரையிலேயே எழுத்துகள் படமாகத் தோன்றும். மடிக்கணினியோ புத்தகம் போல விரியும். மேற்புறம் திரை, கீழ்ப்புறம் விரலால் அழுத்தும் விசைப்பலகை.

விசைப்பலகையின் வயது அதிகம். 1870-களில் அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவர் உருவாக்கிய தட்டச்சுப் பொறியிலிருந்து அது வழிவழியாக வந்தது. நம் தாய்மொழிக்கும் அத்தகைய பொறி வேண்டும் என்று அரும்பாடுபட்டுத் தமிழ்த் தட்டச்சுக்கு விசைகளை வகுத்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆர். முத்தையா ஆவார். தொடுதிரை பற்றிய எண்ணமும் புதிதன்று. 1965-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் இ. ஏ. ஜான்சன் என்பவர், விமானங்களின் போக்குவரத்தைக் கண்காணிப்போர் விரலால் தொட்டு இயக்கத்தக்க திரையைப் பற்றி எழுதினார். எனினும், 2010-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் விற்பனைக்கு வந்த பின்னரே கைக்கணினி உலகெங்கும் பரவியது.

நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு இவ்வகையில் நினைவிற்கொள்ளத்தக்கது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில், கணக்கெடுப்போர் காகிதப் படிவத்திற்குப் பதிலாகக் கைக்கணினியை ஏந்தி வீடு வீடாகச் சென்றனர். செப்டம்பர் மாதம் 15-ஆம் நாள், தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. அடுத்த மாதமே, குறைந்த விலையில் மாணவர்களுக்கென "ஆகாஷ்" என்னும் கைக்கணினியை மத்திய அரசு தில்லியில் வெளியிட்டது. ஆகாஷின் முதல் வடிவத்தில், திரையை நன்றாக அழுத்தினால்தான் அது உணரும், வேகமும் குறைவு. குறைகள் பல எழுந்தமையால் அடுத்த ஆண்டே அதனைத் திருத்தி அமைக்க வேண்டியதாயிற்று. இவ்வாறு, கைக்கணினியா, மடிக்கணினியா என்னும் கேள்வி ஏறக்குறைய ஒரே சமயத்தில் நம் வாயிலுக்கு வந்து சேர்ந்தது.

கைக்கணினியின் சிறப்புகள்

கைக்கணினியின் நன்மைகளை முதலில் கூறிவிடுகின்றேன். அது எடை குறைந்தது. பெரும்பாலானவை அரைக் கிலோவுக்கு அண்மையில் இருக்கும். ஒரு கையில் பிடித்துக்கொண்டு வரப்பின்மீது நின்றவாறே வேலை செய்யலாம். மேசையும் நாற்காலியும் தேவையில்லை. நிழற்படக் கருவி அதனுள்ளேயே அமைந்திருக்கிறது. தாம் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோளின் துணையால் குறித்துக்கொள்ளும் வசதியும் பலவற்றில் உண்டு.

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் பணித்தளங்களில், வேலைக்கு வந்தோரை நாள்தோறும் இருமுறை, இடமும் நேரமும் குறித்துப் படமெடுத்து வருகை பதியும் முறை 2021-ஆம் ஆண்டில் அறிமுகமாகி, 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. இன்ன புல எண்ணில் இன்ன பயிர் நிற்கிறது என்பதை வயலிலேயே நின்று பதிவு செய்யும் மின்னணுப் பயிர்க் கணக்கீடு 2024-ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் நடைபெற்றது. இத்தகைய வேலைகளுக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போவது, களை பறிக்க ஏர்மாட்டை ஓட்டிச் செல்வதற்கு ஒப்பாகும்.

அன்றியும், எழுத்தறிவு குறைந்த பெரியவர்களும் படத்தைப் பார்த்துத் தொட்டு எளிதில் பழகிக்கொள்கின்றனர். "உழவன்" செயலியில் வானிலையையும், சந்தை விலையையும், மானிய விவரத்தையும் பார்க்க விரும்பும் விவசாயிக்கு மடிக்கணினி வேண்டியதே இல்லை. கைப்பேசி போதும்; கண் மங்கியவராயின் பெரிய திரையுடைய கைக்கணினி உதவும். பிறர் சொல் கேட்டுப் பெரும்பொருள் செலவிட வேண்டா என்று உழவர் பெருமக்களுக்கு முதலிலேயே சொல்லி வைக்கின்றேன்.

தொடுதிரையின் இயல்பு

தொடுதிரை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால் அதன் குறைகளும் விளங்கும். கண்ணாடியின் அடியில், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய மின்கடத்தி வலை பின்னப்பட்டிருக்கிறது. நம் உடல் மின்னைக் கடத்தும் தன்மையது. விரல் கண்ணாடியைத் தொட்டதும் அவ்விடத்தில் மின்னேற்றம் சிறிது மாறும். அம்மாற்றத்தை வைத்தே விரல் எங்கே பட்டது என்பதைக் கருவி கண்டுகொள்கின்றது.

இப்போது எண்ணிப் பாருங்கள். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலின் தோல் தடித்தும் உலர்ந்தும் இருக்கும். அத்தகைய விரலைக் கண்ணாடி சில வேளைகளில் உணர்வதில்லை. நாற்று நட்ட கையின் ஈரமோ, திரைமீது விழுந்த மழைத்துளியோ, விரலைப்போலவே மின்னைக் கடத்துவதால் கருவி குழம்பிவிடும். "எனக்குப் படிப்பில்லை, இது எனக்கு வராது" என்று நொந்துகொள்ளும் பெரியவர்களைக் கண்டிருக்கின்றேன். குற்றம் அவர்களுடையதன்று. விரலைத் துடைத்துக்கொண்டு, நகத்தால் குத்தாமல், விரல் நுனியின் சதைப்பகுதியால் மெல்லத் தொட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எழுதப் புகும்போதுதான் பெருங்குறை தெரியும். எழுத்துப் படங்கள் தோன்றியதும் திரையின் கீழ்ப்பாதி மறைந்துவிடும். எழுதுகிற கடிதத்தில் நான்கைந்து வரிகளே கண்ணில் படும். மேலும், கண்ணாடி வழவழப்பானது. எந்த எழுத்தின்மீது விரல் இருக்கின்றது என்பதை விரல் தானே அறியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் கண் துணை வர வேண்டும். விசைப்பலகையிலோ இரு சுட்டுவிரல்களுக்கும் உரிய விசைகளில் சிறு மேடு அமைந்திருக்கிறது. அதைத் தடவியே விரல்கள் தம் இடத்தை அறிந்துகொள்ளும். கண் தாளைப் பார்க்க, விரல் விசையைத் தட்டும். தட்டச்சுப் பயிலகத்தில் இளநிலை, முதுநிலைத் தேர்வுக்குப் பயின்றவர்கள் இதனை நன்கு அறிவார்கள்.

தமிழுக்கு எளிய வழி

"தமிழில் 247 எழுத்துகள் இருக்கின்றனவே, அத்தனைக்கும் விசை ஏது?" என்று கேட்போர் உண்டு. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி, "தமிழ் 99" என்னும் விசைப்பலகை முறை வகுக்கப்பட்டது. தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றது. உயிரெழுத்துகள் 12-ம் இடக்கைப் புறத்திலும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் புறத்திலும் அமைந்துள்ளன. ககரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் "கா" வரும். குழந்தை பள்ளியில் உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய்யாவதைக் கற்கிறதே, அதே முறைதான்.

"பஞ்சாயத்து" என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ப, ஞ, ச, ஆ, ய, த, த, உ என்று 8 விசைகளைத் தட்டினால் போதும். ஞகரத்தையடுத்துச் சகரம் வந்தால் புள்ளி தானே விழும். தகரத்தை இருமுறை தட்டினால் முதல் தகரத்திற்குப் புள்ளி தானே விழும். இதைக் கற்க ஆங்கில அறிவு சிறிதும் வேண்டுவதில்லை. எட்டாம் வகுப்பு படித்த எவரும், நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கிப் பழகினால், சில வாரங்களில் பிழையின்றித் தட்டத் தொடங்கிவிடலாம்.

"பேசினாலே கருவி எழுதிக்கொள்கிறதே, பின் எதற்கு விசை?" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். உண்மையே. தமிழில் பேசினால் எழுதித் தரும் வசதி வந்துள்ளது. அது முதியவர்களுக்கும் பார்வையற்றோருக்கும் பெருந்துணை. ஆயினும், ஊர்க் கூட்டத்து இரைச்சலில் அது தடுமாறும். நம் ஊரின் வாய்க்காற்பெயரையும், தெருப்பெயரையும், வீட்டுப் பெயரையும் அது அறியாது. "நூற்றிருபத்து நாலு" என்று சொன்னதை எழுத்தில் போடுமோ, எண்ணில் போடுமோ, ஒருமுறை இருந்தபடி மறுமுறை இராது. வந்ததைத் திருத்த மீண்டும் விசையைத்தான் நாட வேண்டும்.

நான் செய்த பிழை

இனி, என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுகின்றேன். இது என் பிழையைப் பற்றியது. ஆதலால் தயங்காமல் சொல்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், விரிவாக்கப் பணியில் இருந்தபோது, ஏரிப் பாசனமுள்ள ஒரு சிற்றூரின் படிப்பகத்திற்குக் கருவி வாங்குவது குறித்து என்னை யோசனை கேட்டனர். "இரண்டு கைக்கணினி வாங்குங்கள், காலத்துக்கு ஏற்றது அதுவே" என்று நான் சொன்னேன். வாங்கினார்கள். முதல் மாதம் ஊரே மகிழ்ந்தது. பிள்ளைகள் பாடக் காட்சிகளைப் பார்த்தனர். பெரியவர்கள் விலை நிலவரம் பார்த்தனர். என் யோசனையைப் பற்றி நானே பெருமை கொண்டேன்.

அவ்வாண்டு ஆடி மாதத்தில் அந்த ஏரியின் மடைக்கதவு பழுதாயிற்று. மழைக்கு முன் அதனைச் சீர்செய்யுமாறு கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றினார்கள். தீர்மானத்துடன் விரிவான விண்ணப்பமும் அனுப்ப வேண்டும். புல எண், பாசனப் பரப்பு, பயன்பெறுவோர் பட்டியல், பழுதின் விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். படிப்பகச் செயலாளராக இருந்த தம்பி, கைக்கணினியில் உடைந்த மடையை நான்கு புறமும் அழகாகப் படமெடுத்தார். விண்ணப்பத்தையும் அதிலேயே எழுத முயன்றார். பாதித் திரையில் பட்டியல் போட முடியவில்லை. இரண்டு மாலைப்பொழுது போராடிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் பிரதியைப் பக்கத்து நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கி வந்தார். அவசரத்தில் எவரும் அதனைப் படித்துப் பார்க்கவில்லை. தலைவர் கையொப்பமிட, விண்ணப்பம் சென்றது.

இரண்டு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. "குறிப்பிட்ட புல எண்ணில் மடை ஏதும் இல்லை" என்று அதன்மேல் குறிப்பு இருந்தது. பார்த்தால், 124 என்றிருக்க வேண்டிய எண் 142 என்று அடிக்கப்பட்டிருந்தது. திருத்தி அனுப்புவதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. கதவு மூடாத மடை வழியே தண்ணீர் இரவும் பகலும் ஓடி வீணாயிற்று. தை மாதத்தில், கடைமடை வயல்களில் கதிர் முற்றும் தறுவாயில் பயிர் காய்ந்தது. அவ்வயல்களின் சொந்தக்காரர்கள் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுவே எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

கடைக்காரர்மீது குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்கு 124-ம் ஒன்றுதான், 142-ம் ஒன்றுதான். அந்த ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவனுக்கன்றோ அந்த எண்ணின் அருமை தெரியும்? இரவல் சேலையை நம்பி இடுப்புத் துணியை எறிந்த கதையாக, நம் ஊர் எழுத்தைப் பிறர் கையில் விட்டுவிட்டோம்.

மறு ஆண்டு அவ்வூரில் நிலைமை மாறியது. பள்ளியில் பெற்ற விலையில்லா மடிக்கணினியை வைத்திருந்த ஒரு பெண், தமிழ் 99 முறையைத் தானே பயின்று, பஞ்சாயத்தின் கடிதங்களைத் தட்டித் தர முன்வந்தாள். அவள் தானாகவே ஒரு நல்ல வழக்கத்தையும் தொடங்கினாள். தட்டி முடித்ததும், கையொப்பத்திற்கு முன் கூட்டத்தின் நடுவே உரக்கப் படிப்பாள். "அம்மா, அது கிழக்கு வாய்க்கால் இல்லை, மேற்கு வாய்க்கால்" என்று படிக்கத் தெரியாத ஒரு பாட்டி ஒருநாள் திருத்தினார். பெண் அங்கேயே இரண்டு விசையைத் தட்டித் திருத்தினாள். அந்த வரி சரியாக அமைந்தது. மடைக்கதவும் அவ்வாண்டு சீராயிற்று. அவள் எழுதிய விண்ணப்பத்துடன் தம்பி எடுத்த நிழற்படங்களே இணைக்கப்பட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொடுவதும் எழுதுவதும்

அன்றுமுதல் இவ்விரு கருவிகளையும் நான் வேறொரு கண்கொண்டு பார்க்கின்றேன். கைக்கணினியில் நாம் பெரும்பாலும் செய்வது யாது? பிறர் எழுதி வைத்ததைப் படிக்கின்றோம். பிறர் கேட்ட கேள்விக்கு, பிறர் வகுத்த கட்டங்களுள் ஒன்றைத் தொட்டு விடை தருகின்றோம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நடந்ததும் அதுவே. கணக்கெடுப்போர் கேட்டார்; நாம் சொன்னோம்; உடனிருந்தவர் பதிந்தார். கேட்டதற்கு விடை சொல்ல அது சாலச் சிறந்த கருவி. ஆனால், பதிந்ததில் பிழையிருந்தால் ஆட்சேபம் தெரிவிக்க நம் சொல்லை நாமே எழுத வேண்டியிருந்தது. கட்டத்தைத் தொடுவது ஒன்று. கோரிக்கையை எழுதுவது மற்றொன்று. பஞ்சாயத்து என்பது கேட்டதற்கு விடை சொல்லும் அமைப்பு மட்டுமன்று. கேள்வி கேட்கும் அமைப்பும், தீர்மானம் எழுதும் அமைப்பும், கணக்கு வைக்கும் அமைப்பும் அதுவேயாகும்.

கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், தேசியப் பஞ்சாயத்து ராஜ் தினத்தன்று, "இ-கிராம் ஸ்வராஜ்" என்னும் கணக்குத் தளம் தொடங்கப்பட்டது. பஞ்சாயத்தின் திட்டமும் வரவும் செலவும் அதில் ஏறுகின்றன. பணம் வழங்குவதற்கு இலக்கக் கையொப்பம் வேண்டும். அது பெரும்பாலும் கட்டைவிரல் அளவுள்ள ஒரு சிறு கருவியில் அடங்கியிருக்கும். அதனைக் கணினியில் செருகி, மறைசொல்லை இட்டால்தான் கையொப்பம் விழும். ஊரில் கணினி இல்லாவிட்டால் என்ன ஆகும்? அந்தச் சிறு கருவியும் மறைசொல்லும் வேறொருவர் கைக்குப் போகும். தேதி போடாத வெற்றுக் காசோலையில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு அது சமமாகும். பிறகு, "எனக்குத் தெரியாமல் நடந்தது" என்று சொன்னால் சட்டம் ஏற்காது. குறிப்பாக, புதிதாகப் பொறுப்பேற்கும் பெண்மணிகளிடம், "நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்ல எத்தனையோ பேர் வருவார்கள். அம்மொழிக்கு இணங்க வேண்டா. உங்கள் எழுத்தும் உங்கள் கையொப்பமும் உங்கள் கண்முன் நடைபெறட்டும்.

சில யோசனைகள்

நிற்க. நடைமுறைக்கு ஏற்ற சில யோசனைகளைக் கூறி முடிக்கின்றேன்.

முதலாவது, வாங்குவதற்கு முன் வேலைகளைப் பட்டியலிடுங்கள். பார்ப்பது, கேட்பது, படமெடுப்பது, வயலில் பதிவது ஆகியன ஒருபுறம். கடிதம், தீர்மானம், பட்டியல், கணக்கு ஆகியன மறுபுறம். எந்தப் புறம் நீளுகிறதோ அதற்குரிய கருவியை வாங்குங்கள். பக்கத்து ஊரில் வாங்கினார்கள் என்பது காரணமாகாது.

இரண்டாவது, கைக்கணினியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டா. சில நூறு ரூபாய்க்குத் தனி விசைப்பலகை கிடைக்கின்றது. அதனைக் கம்பி வழியாகவோ, கம்பியின்றியோ பெரும்பாலான கைக்கணினிகளுடன் இணைக்கலாம். இணைத்ததும் எழுத்துப் படங்கள் மறைந்து முழுத் திரையும் எழுதுவதற்குக் கிடைக்கும். விசைப்பலகையை வாங்குமுன் உங்கள் கருவியையும் கடைக்கு எடுத்துச் சென்று, தமிழில் ஒரு வரி தட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

மூன்றாவது, பழுது பார்க்கும் செலவையும் கணக்கிடுங்கள். கைக்கணினியின் கண்ணாடி உடைந்தால் திரையையே மாற்ற வேண்டி வரும். சில வேளைகளில் புதுக்கருவி வாங்குவதே மேல் என்று சொல்லிவிடுவார்கள். மடிக்கணினியின் விசைப்பலகை கெட்டால் அதைமட்டும் மாற்றலாம். அதுவரை வெளிவிசைப்பலகையைச் செருகியும் வேலையை நடத்தலாம். ஆனால், தூசியும் எறும்பும் விசைகளுக்குப் பகை. தேநீர்க் குவளையை அதன் அருகில் வைக்கலாகாது. வேலை முடிந்ததும் துணியால் மூடி வையுங்கள்.

நான்காவது, கருவியைவிடக் கையைப் பழக்குவதற்கு முதன்மை கொடுங்கள். ஊருக்கு இருவரேனும் தமிழ்த் தட்டச்சு அறிந்திருக்க வேண்டும். அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருத்தல் நலம். ஒருவரே அறிந்திருந்தால், அவர் வேலை தேடி வெளியூர் சென்றதும் ஊர் மீண்டும் ஊமையாகிவிடும்.

ஐந்தாவது, எழுதியதைச் சபையில் படித்துக் காட்டாமல் எவரும் கையொப்பமிடலாகாது. எண்களை இருமுறை படியுங்கள். இவ்வழக்கத்திற்குக் காசு செலவில்லை. இஃது இருந்திருந்தால், நான் சொன்ன ஊரில் ஒரு போகம் தப்பியிருக்கும்.

ஆறாவது, பெற்றோர்களுக்கு ஒரு சொல். பிள்ளைகள் கைப்பேசியில் விரைந்து விரலோட்டுவதைக் கண்டு, "என் மகனுக்குக் கணினி முழுவதும் தெரியும்" என்று எண்ணிவிடாதீர்கள். பெருவிரலால் இரண்டு வரிச் செய்தி அனுப்புவது வேறு. பத்து விரலாலும் ஒரு பக்கம் பிழையின்றி எழுதுவது வேறு. அலுவலகத்திலும், வங்கியிலும், கூட்டுறவுச் சங்கத்திலும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலும் நாளை அவனுக்கு வேலை தரப்போவது இரண்டாவது திறமையே.

முடிவுரை

காலையில் கேள்வி கேட்ட அம்மையாருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றேன். அம்மா, உங்கள் ஊரில் கைப்பேசி இல்லாத வீடு அரிதாகத்தான் இருக்கும். பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும் ஊரில் ஏற்கெனவே கருவி உண்டு. எழுதுவதற்குத்தான் இல்லை. ஆகவே, ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்குமாயின், விசைகள் உள்ளதையே வாங்குங்கள். அதனைப் பூட்டி வைக்காதீர்கள். மாலைதோறும் பிள்ளைகள் தமிழ்த் தட்டச்சுப் பழகட்டும். நீங்களும் அவர்களோடு அமர்ந்து பழகுங்கள், வயது தடையன்று. பணம் மேலும் சேர்ந்தால், வயற்புறத்து வேலைக்குக் கைக்கணினியும் வாங்கலாம்.

மண்வெட்டியும் அரிவாளும் ஒரே வீட்டில் இருக்கின்றன. இன்ன வேலைக்கு இன்ன கருவி என்பதை உழவனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவையே இப்புதிய கருவிகளிடத்தும் காட்டுவோம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், உங்கள் ஊரின் தீர்மானம் உங்கள் ஊரார் ஒருவராலேயே தட்டப்பெற்று, உங்கள் முன்னிலையில் படிக்கப்பெற்று, கையொப்பம் பெறுமாயின், இன்று நான் இங்கு வந்து பேசியதன் பயனை அடைந்தவனாவேன்.